நான் சொல்லாத வாக்குமூலம்

அன்று திங்கட்கிழமை. நான் வேலை செய்யும் நூலகம் திங்கட்கிழமைகளில் பூட்டு. அதனால்தான் அந்த மத்தியான வேளையில் வீட்டில் இருந்தேன். கணவர் இரண்டு நாட்களுக்கு முன்பே கரடியனாற்றுப் பக்கம், எங்கள் வயல் இருக்கும் வட்டைக்குப் போயிருந்தார். விதைத்த வயலுக்குக் காவல் வேண்டும். அங்கேயே ஓலையால் ஒரு வாடி போட்டுத் தங்கிவிடுவார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்குள் வந்துவிடுவாள். அதற்குள் கறியை இறக்கிவிட வேண்டும் என்று, தோய்த்த உடுப்புகளைக் கொடியில் போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி பின்கதவால் உள்ளே வந்தேன்.

அறைக்குள் அலுமாரி திறந்து கிடந்தது. அதன் முன்னால் ஒருவன் நின்றான்.

அவனுடைய பெயர் எனக்குத் தெரியாது. முகம் தெரியும். போன கிழமை எங்கள் ஒழுங்கையில் தண்ணீர்க் குழாய் தாழ்க்க மண்ணில் கிடங்கு வெட்டியவர்களில் ஒருவன். வெயில் உச்சிக்கு வந்த நேரம் வேலியடியில் வந்து நின்று, "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க" என்று கேட்டான். செம்பில் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பை அலசித் தந்தான். அப்படிச் செய்கிறவர்கள் குறைவு. அதனால்தான் முகம் மனதில் நின்றிருந்தது.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். "கத்தாதீங்கக்கா" என்றான். மிரட்டுகிற குரல் இல்லை. கெஞ்சுகிற குரல். தேங்காய் துருவ எடுத்து வைத்த திருவலை அடுக்களை வாசலில் கிடந்தது. அறையை விட்டு வந்து அதை அவன் குனிந்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓட வேண்டும் என்று கால்களுக்குத் தெரியவில்லை. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. குப்புற விழுந்த என் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு தாலிக்கொடியைப் பின்பக்கமாக இழுத்தான். கொடி உடனே அறவில்லை. கழுத்துத்தான் அறுகிறது என்று நினைத்தேன். அடுத்த அடியை நான் உணரவில்லை.

என்னை முதலில் கண்டவள் மகள். புத்தகப் பையோடு முன்கதவைத் தட்டியிருக்கிறாள். திறக்கவில்லை என்று பின்னால் சுற்றி வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் ஒழுங்கை நீளத்துக்கும் ஓடிக் கத்தியதை அயலவர்கள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அவள் மட்டும் அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் மண்டை ஓட்டில் வெடிப்பு என்று சத்திரசிகிச்சை செய்தார்கள். மறுநாள் மாலை எனக்கு நினைவு திரும்பியது. கணவர் கட்டிலருகே நின்றார். இடுப்பில் வயல் சேறு காய்ந்த அதே சாரம். "ஆரு, என்ன நடந்த?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். எனக்கு அன்று பேச்சு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் சட்ட வைத்திய அதிகாரி வந்து, தலையையும் கழுத்தையும் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டு ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டு போனார். இளம் வயது. அவசரத்தில் இருந்தவர். அவர் எழுதியது என்னவென்று நான் யோசிக்கவே இல்லை.

பொலிஸ் அதற்கும் மறுநாள் வந்தது. ஒரு சார்ஜன், அவரோடு மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கொன்ஸ்டபிள். சார்ஜனுக்குத் தமிழ் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. நான் சொன்னேன். தலை முழுக்க இரைச்சல், நாக்கு தடித்துக் கிடந்தது. ஆனாலும் ஒழுங்காகச் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அவர் வட்டைக்குப் போனவர். நான் கிணத்தடியால வந்தன். அவன் உள்ள நிண்டான். அவன்தான் அடிச்ச." கொன்ஸ்டபிள் ஏதோ சொன்னார். சார்ஜன் சிங்களத்தில் எழுதினார். நான் சொன்னதைவிட அவர் எழுதியது அதிகம் என்று அப்போதே எனக்குப் பட்டது. மூன்று பக்கம் வந்தது.

"இதில ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார் கொன்ஸ்டபிள்.

"என்ன எழுதியிருக்கு?"

"நீங்க சொன்னதுதான்."

போட்டேன். நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவே இருக்கிறவள் நான். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கங்களில் எனக்குத் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான், அதுவும் நான் எழுதியதால்.

அன்று பின்னேரம் செவ்விளநீர் வாங்கிக்கொண்டு வந்த கணவரை ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கைது செய்தார்கள்.

எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்தும் அவர் வரவில்லை. மறுநாள் மாமி வந்தார். கணவரின் தாய். கட்டிலுக்கு ஐந்தாறு அடி தள்ளியே நின்றுவிட்டார்.

"என்ட புள்ளயப் புடிச்சிக் குடுத்திட்டாய். இப்ப சந்தோசமா?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன மாமி சொல்றீங்க?"

"அவன்தான் அடிச்ச எண்டு நீயே எழுதிக் குடுத்ததாம். பொலிஸில காட்டினாங்க, உன்ட கையெழுத்து கிடக்கு."

எழுந்து உட்காரப் பார்த்தேன். சேலைன் ஊசி கழன்று இரத்தம் வந்தது. தாதி ஓடி வந்து என்னைப் பிடித்துப் படுக்க வைப்பதற்குள் மாமி போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. தலையில் கட்டோடு, என் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அவரை அடைத்து வைத்திருந்த விளக்கமறியலுக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் மெதுவாகத்தான் கேட்டார்.

"நீ அப்பிடிச் சொன்னியா?"

"இல்ல."

"கையெழுத்து உன்டதானே?"

"என்டதான். ஆனா நான் அப்பிடிச் சொல்லல்ல."

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தலையில் அடிபட்டவள், மயக்கத்தில் எதையாவது சொல்லியிருப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு, "மகள் என்ன செய்றாள்?" என்று கேட்டார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் என்னை ஒரு முறை அடித்திருக்கிறார். மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, வேலை சம்பந்தமான பயிற்சிக்கு நான் வெளியூர் போவது பற்றி வாக்குவாதம் வந்து, கன்னத்தில் அறைந்தார். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. மறுபடி ஒருபோதும் அவர் கை ஓங்கவில்லை. ஆனால் பொலிஸார் மகளிடம், "அப்பா அம்மாவுக்கு அடிக்கிறவரா?" என்று கேட்டபோது அவள் ஓம் என்று தலையாட்டியிருக்கிறாள். பிள்ளை உண்மையைத்தான் சொன்னாள். அந்த ஒரு தலையாட்டலும் என் கையெழுத்தும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பொறுப்பதிகாரி தமிழ் பேசுவார். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவின் மூடியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இது எங்களுக்குப் புதுசு இல்ல. முதல்ல வந்து புருஷன் அடிச்ச எண்டு சொல்லுவீங்க. பிறகு உள்ள போட்டதும் வந்து அழுவீங்க. கிழமைக்கு ரெண்டு கேஸ்."

"நான் சொல்லவேயில்ல சேர். அடிச்சவன் கிடங்கு வெட்ட வந்தவன். என்னை அக்கா எண்டுதான் கூப்பிட்டான். கத்தாதீங்கக்கா எண்டான்."

அவர் சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்தவரும் சிரித்தார். "மண்டைய உடைக்க வந்த கள்ளன் மரியாதையாப் பேசினானாம்."

"அவர் வட்டையில நிண்டவர். அங்க கேளுங்க."

"கேட்டாச்சு. பக்கத்து வயல்காரன் காலையில கண்டதாம், மத்தியானம் காணல்லயாம். கரடியனாற்றில இருந்து மோட்டச் சைக்கிள்ல வர எவ்வளவு நேரம்? உங்கட புருஷன்ட போனும் அண்டைக்கு ஓஃப்."

வாடியில் மின்சாரம் இல்லை, போனுக்குச் சார்ஜ் முடிந்தால் முடிந்ததுதான் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே மர வாங்கில் ஒரு பெண் இருந்தாள். உதடு வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. அவளிடம் ஒரு பெண் பொலிஸ், "குடும்பப் பிரச்சினைதானே, ரெண்டு பேரும் பேசித் தீருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தப் படியில் இறங்க முடியாமல் நின்றேன். புருஷன் அடித்தான் என்று சொல்கிறவளை வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். அடிக்கவில்லை என்று சொல்கிற என் புருஷனை உள்ளே வைத்திருக்கிறார்கள். எங்கள் இரண்டு பேரிடமும் அவர்கள் கேட்காமல் விட்டது ஒன்றுதான்: உண்மையில் என்ன நடந்தது என்று.

சட்ட உதவி மூலம் ஒரு பெண் சட்டத்தரணி கிடைத்தார். என்னைவிட இளையவர். முதலில் என் வாக்குமூலத்தின் பிரதியை எடுப்போம் என்றார். அதை எடுக்கவே நீதிமன்றத்தில் மூன்று தவணை போனது. கையில் கிடைத்ததும் கல்லடியில் சிங்களம் படிப்பிக்கும் ஒரு ரீச்சரிடம் கொண்டுபோனேன். பதுளைப் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழர். பாலம் தாண்டிக் கடற்கரைப் பக்கமாக அவருடைய வீடு. பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்களை வெளியே விளையாட விட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

முதல் பக்கத்தில் என் வயது, முகவரி. இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"நீங்க இதைச் சொல்லல்லியா?"

"என்ன இருக்கு ரீச்சர்?"

"‘மதுபோதையில் வீட்டுக்கு வந்த எனது கணவர்’ எண்டு தொடங்குது."

"அவர் குடிக்கிறதே இல்ல."

ரீச்சர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நான் சார்ஜனிடம் சொன்னதை அப்படியே தனக்குச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் வட்டைக்குப் போனவர், அவன் உள்ளே நின்றான்.

"நாங்க புருஷன அவர் எண்டுவம், கள்ளன அவன் எண்டுவம். ஆள் ரெண்டு எண்டு கேட்கிற ஆளுக்கே தெரியும். சிங்களத்தில ரெண்டுக்கும் ‘எயா’ எண்டு ஒரு சொல்லாலயே சொல்லிட்டுப் போகலாம். கொன்ஸ்டபிள் அப்பிடிச் சொல்லியிருந்தா குழம்ப இடமிருக்கு." இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துச் சொன்னார்: "ஆனா மதுபோதை எங்க இருந்து வந்த? அது குழப்பத்தில வராது. அது ஒரு ஆள் யோசிச்சு எழுதினது."

கடைசி வரியையும் வாசித்தார். ‘மேற்படி வாக்குமூலம் எனக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது. சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.’ அதற்குக் கீழே என் கையெழுத்து. மருந்து மயக்கத்தில் எழுத்துகள் சரிந்து கிடந்தன.

அடுத்த தவணையில் நீதவான் முன்னால் நான் எழுந்து நின்றேன். எங்கள் நீதிமன்றத்தில் எல்லாம் தமிழில்தான் நடக்கும். அங்கே எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அதுவே பெரிய பலமாக இருந்தது. கூண்டில் அவர் தலை குனிந்து நின்றார். மாமி பின்வாங்கில் இருந்தார்.

"உங்கள் கணவர் இதற்கு முன் உங்களைத் தாக்கியிருக்கிறாரா?" என்று நீதவான் கேட்டார்.

சட்டத்தரணி இதற்கு என்னை ஆயத்தப்படுத்தியிருந்தார். உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றிருந்தார்.

"ஒரு முறை அறைஞ்சிருக்கிறார் ஐயா. மூன்று வருசத்துக்கு முந்தி."

பொலிஸ் தரப்பில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அதை நான் மறைக்கல்ல. அது நடந்த. அதனாலதான் சொல்றன், இது அவர் செய்யல்ல. அவர் செஞ்சிருந்தா அதையும் சொல்லியிருப்பன்."

பிணை கொடுத்தார்கள். இரண்டு மாதமும் சில நாட்களும் கழித்து அவர் வெளியே வந்தார். வழக்கு அவர் பெயரிலேயே நிலுவையில் கிடந்தது. விசாரணையைத் தொடருமாறு பொலிஸுக்கு உத்தரவு. ஒவ்வொரு தவணையிலும் பொலிஸ், "விசாரணை நடைபெற்று வருகிறது" என்றது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

வீடு வேறு வீடாகிவிட்டது. அடிபட்ட பிறகு எனக்கு மணம் தெரிவதில்லை. கறி அடிப்பிடித்துப் புகை கண்ணில் படும்வரை அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன். மகள் வந்து அடுப்பை அணைப்பாள். ஊரில் இரண்டு கதை ஓடியது. ஒன்று, அவர் அடித்தார், நான் பிள்ளைக்காக மறைக்கிறேன். மற்றது, எனக்கு யாரோடோ தொடர்பு, அதைக் கண்டு அவர் அடித்தார். இரண்டிலும் கிடங்கு வெட்டியவன் இல்லை. நூலகத்துக்கு வருகிற சில பெண்கள் புத்தகம் எடுக்கும்போது என் கையைப் பிடித்து, "பொறுமையா இருங்க" என்பார்கள். அவர்கள் எந்தக் கதையை நம்பிச் சொல்கிறார்கள் என்று தெரியாது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியாது.

பொலிஸ் தேடாது என்று தெரிந்ததும் நானே தேடத் தொடங்கினேன். குழாய் வேலை எடுத்த ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரைத் தேடிப் போனேன். நாட்கூலி ஆட்கள், பெயர்ப்பட்டியல் இல்லை என்றார். இரண்டாம் முறை போனேன், தான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தார். மூன்றாம் முறை அவருடைய மனைவி வாசலில் வந்தார். தலைமுடி வளராமல் நீண்டு கிடந்த என் தழும்பைப் பார்த்தார். உள்ளே போய்ப் புருஷனோடு ஏதோ பேசினார். மேற்பார்வையாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வேலை முடிஞ்ச அண்டு எடுத்த படம். இதுக்கு மேல என்னட்ட ஒண்ணுமில்ல. என்ட பேர எங்கயும் சொல்லாதீங்க."

பதினொரு பேர் மண்வெட்டிகளோடு நின்றார்கள். மூன்றாவது ஆள் பாதி மறைந்து நின்றான். போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அவன்தான். மேற்பார்வையாளர் அதை வாங்கிக்கொண்டு, படத்தை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அந்தப் படத்தோடு பொலிஸுக்குப் போனேன். வேறு பொறுப்பதிகாரி வந்திருந்தார். "இதில நிக்கிறவன் கள்ளன் எண்டா எல்லாரும் கள்ளனா?" என்று கேட்டு, ஒரு பிரதியைக் கோப்பில் வைத்தார். மனித உரிமை அலுவலகத்துக்கு எழுதினேன். கொழும்புக்கு எழுதினேன். பதில்களெல்லாம் ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்ற பதில்கள். கணவர் ஒரு நாள், "விடு. நான் வெளியதானே இருக்கன்" என்றார். நான் விடவில்லை. அவருக்காக மட்டும் இல்லை. அந்த முகத்தை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறினால் முதலில் ஆட்களின் முகத்தைப் பார்ப்பேன், பிறகுதான் இருக்கையைப் பார்ப்பேன்.

மூன்றாம் வருடத்தில் சட்டத்தரணி தொலைபேசியில் கூப்பிட்டார். பெரியகல்லாற்றுக்கு அங்கால் ஒரு ஊரில், வீட்டில் தையல் தைக்கும் ஒரு பெண்ணை மத்தியானம் ஒருவன் தாக்கி நகைகளைப் பறித்திருக்கிறான். அங்கேயும் வீதி வேலை. அந்தப் பெண் உயிர் தப்பியிருக்கிறாள். அவளுடைய கணவர் வெளிநாட்டில் என்பதால் யார் மீதும் பழியைப் போட முடியவில்லை. "இன்னொண்டு," என்றார் சட்டத்தரணி. "அவன் அந்தப் பெண்ண அக்கா எண்டு கூப்பிட்டு, கத்த வேணாம் எண்டதாம்."

நான் நூலகத்தில் அலுமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வழக்கை எடுத்தது வேறொரு பிரிவு. அங்கிருந்த பொலிஸ் பரிசோதகர் என்னைக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் கேட்டார். தமிழில் கேட்டு, தமிழில் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் பின்கதவு என்பதை முன்கதவு என்று எழுதியிருந்தார். சொன்னேன். வெட்டித் திருத்தி, பக்கத்தில் என்னிடம் சிறு கையெழுத்து வாங்கினார். அவ்வளவுதான். அதற்கு நான் அழுததைப் பார்த்து அவர் பயந்துபோனார்.

இரண்டு கிழமையில் ஆளைப் பிடித்தார்கள். தையற்காரப் பெண்ணின் தோடுகள் அவனிடம் இருந்தன. என் தாலி எப்போதோ உருகிப் போயிருக்க வேண்டும்.

அடையாள அணிவகுப்பு நடந்த அறையில் பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். ஒரே மாதிரி உயரம், ஒரே மாதிரி வயது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை நடந்தேன். அவன் இல்லை என்று நினைத்தேன். திரும்பி நடந்தேன். ஆறாவது ஆள் மெலிந்திருந்தான், முடியை ஒட்ட வெட்டியிருந்தான். மற்ற ஒன்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவன் மட்டும் என் தலையில் இருந்த தழும்பைப் பார்த்தான். தோளில் கை வைத்தேன். அவனுடைய தோள் சூடாக இருந்தது.

மேல் நீதிமன்றத்தில் எதிரியின் சட்டத்தரணி என்னை ஒரு முழுக் காலையும் நிறுத்தி வைத்தார்.

"நீங்கள் பொலிஸுக்குக் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் கணவர் என்று சொன்னீர்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு படத்தைப் பார்த்தீர்கள். பிறகு அந்தப் படத்தில் இருந்த முகத்தை அணிவகுப்பில் காட்டினீர்கள். சரிதானே?"

"அது நான் சொன்ன வாக்குமூலம் இல்ல."

"கையெழுத்து உங்களுடையதா?"

"ஓம்."

"தலையில் பலத்த அடி. மணம்கூடத் தெரியாது என்கிறீர்கள். ஞாபகம் மட்டும் பழுதில்லையா?"

நான் பதில் சொன்னேன். ஆனால் நீதிபதியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்ததும் எங்கள் சட்டத்தரணி, "படம் ஒரு பலவீனம்தான்" என்றார். நானே தேடிப்போய் வாங்கிய படம். என்னால்தான் அவன் தப்பப் போகிறான் என்று நினைத்தேன்.

அடுத்த தவணையில் சட்ட வைத்திய அதிகாரி சாட்சி சொன்னார். அந்த அவசரக்கார இளைஞர். இப்போது வேறு மாவட்டத்தில் வேலை. காயங்களைச் சொன்னார். கழுத்தின் முன்பக்கம் கொடி இழுபட்ட கோடு என்றார். அப்போது அரச சட்டத்தரணி அவருடைய படிவத்தை நீட்டி, "நோயாளி சொன்ன விபரம் என்ற இடத்தில் நீங்கள் எழுதியதை வாசியுங்கள்" என்றார்.

வைத்தியர் வாசித்தார். தண்ணீர்க் குழாய் வேலைக்கு வந்த, முன்பொரு நாள் குடிக்கத் தண்ணீர் கேட்ட ஆள் வீட்டுக்குள் நுழைந்து திருவலையால் தாக்கியதாகவும், அப்போது கணவர் வயலில் இருந்ததாகவும் நோயாளி கூறினார்.

"இது எழுதப்பட்ட நாள்?"

பொலிஸ் வாக்குமூலத்துக்கு முதல் நாள். அதே படிவத்தின் ஒரு பிரதி அந்தக் கிழமையே பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தது. இத்தனை வருடமும் அது அவர்களுடைய கோப்புக்குள்தான் இருந்திருக்கிறது. என் பக்கத்தில் இருந்த கணவரின் கை வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. பக்கத்து வயல்காரரும் பிறகு வந்து, அந்த மத்தியானம் இவரோடு ஒன்றாக இருந்து சோறு தின்றதாகச் சொன்னார். முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பயம் ஐயா" என்றார்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது, இரண்டு வழக்கிலும். கணவரின் பெயரில் கிடந்த வழக்கிலிருந்து அவரை ஏற்கெனவே விடுவித்திருந்தார்கள். தீர்ப்பு வாசிக்கும்போது அவன் என் பக்கம் திரும்பவில்லை. தையற்காரப் பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

சார்ஜன் மீது நான் கொடுத்த முறைப்பாட்டில், ‘மொழிபெயர்ப்பில் ஏற்பட்ட தவறு’ என்று விசாரணையை முடித்தார்கள். மதுபோதை எந்த மொழியில் ஏற்பட்ட தவறு என்று கேட்டு மேன்முறையீடு செய்தேன். இன்னும் பதில் இல்லை. சார்ஜன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்தத் தமிழ்க் கொன்ஸ்டபிளை ஒரு நாள் சந்தையில் கண்டேன். சாதாரண உடுப்பில், கையில் மீன் பையோடு. ஒதுங்கிப் போகப் பார்த்தவர், பிறகு நின்றார்.

"அக்கா, நான் சரியாத்தான் சொன்னன். சார்ஜன் முதலே முடிவெடுத்திட்டார். நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்."

"கோர்ட்டில வந்து சொல்லியிருக்கலாமே."

அவர் மீன் பையைக் கை மாற்றிப் பிடித்தார். நான் நிற்கவில்லை. மாமி இப்போது வீட்டுக்கு வருகிறார். பேத்தியோடு பேசுவார். நான் தேத்தண்ணி வைத்தால் குடிப்பார். அந்த ஆஸ்பத்திரி நாளைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறப்பதில்லை.

தீர்ப்பு வந்த அன்று வீட்டுக்குப் போக நானும் கணவரும் பஸ்ஸுக்காக நின்றோம். நல்ல வெயில். அத்தனை வருடமும் விளக்கமறியலைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. திடீரென்று வீதியைப் பார்த்தபடியே சொன்னார்:

"உள்ள இருக்கக்க ஒரு நாள், நான்தான் அடிச்சனோ எண்டு எனக்கே வந்திட்டு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"எல்லாரும் சொல்றாங்க. அம்மாவுக்கும் சந்தேகம். உன்ட கையெழுத்து இருக்கு. அண்டைக்கு உன்னை அறைஞ்ச கை இதுதானே. படுத்துக் கிடந்து யோசிச்சன், வட்டையில இருந்து எப்ப வெளிக்கிட்டன், எந்த வழியால வந்தன் எண்டு. வழியக் கூடக் கண்டன். நீ வந்து இல்ல எண்டு சொன்ன பிறகுதான் அது போச்சு."

"அண்டைக்கு நீங்க என்னை நம்பல்ல எண்டுதான் நான் நினைச்ச."

"நம்பினன். என்னைத்தான் நம்பல்ல."

பஸ் வந்தது. சனம் அதிகம். அவர் முதலில் ஏறி, எனக்கு ஒரு இருக்கை பிடித்து, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து, பையை மடியில் எடுத்துக்கொண்டு, "இதில இருங்க, ரெண்டு பேர் இருக்கலாம்" என்றேன்.